சாணி போடாத மாடுகள்

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் ஒரு மாடுகூடச் சாணி போடவில்லை.

ரூபி பொன்னுத்தாய் புத்தகத்தைப் படாரென்று மூடினாள். மேலட்டையில் இடுப்புச் சிறுத்த ஒரு பெண், தொப்பி வைத்த ஒருத்தன், வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் சூரியன் மறைகிறது. அட்டையை ஈ அடிப்பது போல ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணன் மகளுக்குக் கேட்கட்டும் என்று சொன்னாள்.

"நாலாயிரம் மாடு நிக்கிற பண்ணையாம்ட்டி. ஒரு மாடு நாளைக்குப் பத்து கிலோ போடும்னே வச்சுக்க. நாப்பதாயிரம் கிலோ! அம்புட்டுச் சாணியும் எங்க போச்சு? இவ வெள்ளைப் பாவாடையைத் தரையில இழுத்துக்கிட்டு நடக்காளே, காலை எங்க வைக்கா?"

சத்யப்பிரியா அடுத்த துணியை எடுத்து உதறினாள். பொன்னுத்தாய் எழுந்து போய் அவள் அறைக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளி உள்ளே நின்றாள். கதவைத் தட்டுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. முப்பத்து நாலு வருசம் தொழுவங்களுக்குள் போய் வந்தவள். தொழுவத்தில் யார் தட்டுகிறார்கள்?

"உன்னத்தான் கேக்கேன்."

"மாடு சாணி போட்டுச்சுன்னு எழுதுனா யாரு அத்தே படிப்பா?"

"நான் படிப்பேன்!"

அது உண்மைதான். ராஜபாளையம் வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் பொன்னுத்தாய். அவள் சினை ஊசி போட்டுப் பிறந்த கன்றுகளை வரிசையாக நிறுத்தினால் முதல் கன்று முடங்கியாற்றில் தண்ணீர் குடிக்கும்போது கடைசிக் கன்று தென்காசியில் வால் ஆட்டும். அவள் சத்தம் போட்டால் சத்திரப்பட்டியில் படுத்திருக்கிற எருமை எழுந்து நிற்கும் என்பார்கள். அது மிகை. எருமை எழுந்தது ஒரே ஒரு தடவைதான், அன்றைக்கு மேல்காற்று வேறு அடித்தது. சேத்தூர்ப் பக்கம் ஒரு பசுவுக்குச் சினை பார்க்கத் தோள்வரை கையை விட்டிருக்கும்போது, அந்தப் பசு அப்படியே உட்கார்ந்துவிட்டது. கையை எடுக்க முடியவில்லை. பசுவும் எழுந்திரிப்பதாக இல்லை. பொன்னுத்தாய் ஒன்றரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, வீட்டுக்காரி கொண்டுவந்த புளியோதரையை மறு கையால் தின்று முடித்தாள். பசு எழுந்தபோது அதற்கும் ஒரு வாய் கொடுத்தாள். அவள் இடது கையால் சாப்பிட்டதைத்தான் சேத்தூர்க்காரர்கள் இன்னும் குறையாகச் சொல்கிறார்கள்.

மாட்டைப் பார்த்து மனுசனைச் சொல்வாள். எஜமான் நடந்து வருகிற சத்தத்துக்கு மாடு தலையைத் திருப்பினால் அந்த வீட்டில் சோறு நிம்மதியாக இறங்கும். மாடு பின்வாங்கினால் அந்த வீட்டுப் பொம்பளையின் முதுகில் தழும்பு உண்டா என்று பார்க்க வேண்டியதில்லை. இதை வைத்து மூன்று கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறாள், ஒன்றை நடத்தியும் வைத்திருக்கிறாள். தன் கல்யாணத்துக்கு மட்டும் அவளுக்கு நேரம் அமையவில்லை. அண்ணனும் மதினியும் ஒரே வருசத்தில் போய்ச் சேர, பதினாலு வயதுச் சத்யப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு வந்து வளர்த்தாள். இப்போது அவளுக்கு முப்பத்தாறு. நூல் மில்லில் கணினி முன்னால் உட்காருகிற வேலை.

இந்தப் பண்ணைக் கதைகள் வீட்டுக்குள் வந்தது சர்ச் வழியாக. சபையில் முன்பு இருந்த ஒரு குடும்பத்துப் பெண் டெக்ஸாஸில் குடியேறி, அங்கே வீட்டைக் காலி செய்தபோது, முப்பத்தெட்டுப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு இங்கே பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அனுப்பிவிட்டாள். எல்லாம் நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய அமெரிக்கா. எல்லாவற்றிலும் மாட்டுப் பண்ணை, மனைவியை இழந்த ஒருத்தன், அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ரயிலில் வந்து இறங்குகிற ஒருத்தி. முதலில் ஊருக்காகக் கல்யாணம், பொறவுதான் காதல். நடுநடுவே ஜெபம். கடைசிப் பக்கத்துக்கு முன்னால் முத்தம் கிடையாது என்பதால் போதகரம்மா உட்பட எல்லோருக்கும் திருப்தி.

சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிற கல்பனா ஒரு கதையைத் தமிழில் சொல்வாள். மற்றவர்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார்கள். பொன்னுத்தாய் கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள்.

"ஆண்டவர்தான் அவிய ரெண்டு பேரையும் சேத்து வைக்காரு" என்று ஒருநாள் கல்பனா கண் கலங்கினாள்.

"ஆண்டவருக்கு வேற சோலி இல்லையா? கல்யாணத் தரகு பாக்கவா மேல உக்காந்திருக்காரு?"

"அக்கா, அவ முழங்கால் போட்டு ஜெபிச்சதும் மழை வந்துச்சே."

"எந்தப் பக்கத்துல ஜெபிச்சா?"

"இருநூறு."

"மழை?"

"இருநூத்தி ஒண்ணு."

"வறட்சி வந்த வருசம் நாம இதே இடத்துல நாப்பது நாளு ஜெபிச்சோம். தண்ணி லாரிகூட வரல. நானும் விசுவாசிதான் கல்பனா. ஆனா இந்த ஆண்டவர் நம்ம ஆண்டவர் இல்ல. இவரு அந்தப் புத்தகக் கம்பெனில சம்பளத்துக்கு இருக்கவரு." யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொன்னுத்தாய் விடவில்லை. "அந்த நாலாயிரம் மாடு நிக்கிற நெலத்துப் பட்டா யாரு பேர்ல இருக்கு?"

"கதைக்கா!"

"கதைன்னா பட்டா வேண்டாமா? அவனுக்கு முன்னாடி அங்கன ஆளே இல்லையா? 'காட்டாளுக வந்துருவாக'ன்னு அவ மூணு இடத்துல நடுங்குதா. யாருட்டி வந்தது? வந்தது இவன்! இருந்தது அவிய!"

கல்பனா புத்தகத்தைப் பைக்குள் வைத்து மூடினாள். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் புத்தகத்தைத்தான் எடுத்தார்கள்.

சரி, உள்ளே இறங்கித்தான் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்த பொன்னுத்தாய், ஒரு சிவப்புப் பேனா வாங்கினாள். புத்தகம் புத்தகமாக எடுத்து ஓரத்தில் தப்பு எழுதினாள். 'இப்படி ஓட்டினால் குதிரைக்கு வயிற்றுவலி வரும்.' 'கன்று குறுக்கே கிடக்கும்போது இழுத்தால் தாயும் சாகும், இவன் பண்ணைக்காரனா கசாப்புக்காரனா?' 'அடுப்பு பற்ற வைத்து மூன்று நாள் ஆகிறது, சாம்பல் அள்ளியது யார்?' ஆறாவது புத்தகத்தில், வந்து இறங்கிய பெண்ணுக்கு ஓர் அறையைக் கொடுத்து, அன்றைக்கே அந்தக் கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்துக் கொடுக்கிறான் பண்ணைக்காரன். அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'மாடு தாகத்தில் கத்துகிறது. இவன் தச்சுவேலை பார்க்கிறான்.'

பதினோரு புத்தகம் இப்படிச் சிவந்தது. யாரும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தான். வீடு வீடாகச் சேலை கொண்டுபோகிற சுந்தரம்மாள், சேலை மூட்டைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து வைத்தாள். ஆமோஸ் சுந்தரபாண்டியன். ராணுவத்தில் பதினேழு வருசம் இருந்து வந்தவன். வயது நாற்பத்திரண்டு. மனைவி இறந்து நாலு வருசம். இரண்டு பெண்பிள்ளைகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புப் பாதையில் பதினோரு மாடு வைத்திருக்கிறான். பால் முழுக்கப் பால்கோவா அடுப்புகளுக்குப் போகிறது.

பத்து வருசமாக வங்கிக்காரனை, வாத்தியாரை, ரயில்வேக்காரனை எல்லாம் வேண்டாம் என்று சொன்ன சத்யப்பிரியா, போட்டோவைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றாள்.

பொன்னுத்தாய் போட்டோவைப் பிடுங்கிப் பார்த்தாள். ராணுவத் தொப்பி. பக்கத்தில் மாடு. முன்னால் வேலி. பின்னால் மலை. மலைக்குப் பின்னால் சூரியன் வேறு சொல்லி வைத்தது போல மறைந்துகொண்டிருந்தது.

"பாத்தியா, அட்டையிலருந்து எறங்கி வந்துட்டான்!" என்றாள். "ஏட்டி, கிறுக்கி. நீ போகப்போறது பண்ணைக்கு இல்ல. பதினோரு மாடு. விடியக்காலம் மூணு மணிக்குக் கறவை. நூத்திப் பத்து கிலோ சாணி. அந்த நாலாயிரம் மாடு போடாத சாணியெல்லாம் உனக்குன்னு இங்க சேத்து வச்சிருக்கு."

"நான் பாக்கலாம்னுதான் சொன்னேன்."

"பாத்துட்டுச் சரின்னுருவ. உன் கண்ணுல அந்தக் குதிரை ஓடுது."

சனிக்கிழமைக்குள் சொன்னால் ஞாயிறு ஆராதனையில் முதல் ஓலை வாசித்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபையில் போதகர் வாசிப்பதுதான் ஓலை. அந்தச் சர்ச் கட்டிய நாளிலிருந்து ஓர் ஆள்கூட எழுந்து தடை சொன்னதில்லை.

"நான் எந்திரிப்பேன்" என்றாள் பொன்னுத்தாய்.

"என்ன தடைன்னு சொல்லுவீங்க?"

"புத்தகத் தடைன்னு சொல்லுவேன்."

புதன்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினார்கள். வழக்கமாகப் பெண் வீட்டார் காலையில் போய்க் கூரையையும் கிணற்றையும் பார்த்து, பலகாரம் தின்று வருவார்கள். பொன்னுத்தாய் மத்தியானக் கறவை நேரத்துக்குத்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வரக்கூடாது என்று சுந்தரம்மாள் சொன்னதற்கு, "மாடு வாங்கப் போறப்ப மட்டும் பத்துப் பேரு போறீக" என்று சத்யப்பிரியாவையும் பஸ்ஸில் ஏற்றினாள். தன் கண்ணால் சாணியைப் பார்த்தால் இவளுக்குத் தெளியும் என்பது கணக்கு.

இறங்கி நடந்தபோது மலை நேர் எதிரே நின்றது. போட்டோவில் இருந்ததைவிட அழகாக இருந்ததில் பொன்னுத்தாய்க்கு எரிச்சல்.

சுந்தரபாண்டியன் வாசலுக்கு வந்து கும்பிட்டான். "வாங்க மேடம். நீங்க ஊசி போட வந்தப்ப எங்க அப்பா உங்களுக்குப் பயந்து கொல்லைப் பக்கம் ஓடுவாரு."

ஆள் நன்றாகத்தான் இருந்தான். வீடு சுத்தம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தன. சுவரில் வசனக் காலண்டர், செத்தவளின் போட்டோவில் வாடாத மாலை. அவன் பேசிக்கொண்டே போனான். பொன்னுத்தாய்க்கு மட்டும் ஏதோ இடறியது. பெண்கள் முன்னால் இவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றவே இல்லையே என்று தோன்றியது. தோன்றியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யார் கழற்றுவார்? கழற்றுகிறவன் ஆறாவது புத்தகத்தில் இருக்கிறான். ஒன்பதாவதிலும் இருக்கிறான். தன் மண்டைக்குள் அவன் எப்போது வந்து உட்கார்ந்தான்?

"தொழுவுக்குப் போவோம்" என்றாள் வேகமாக.

பதினோரு மாடும் கலப்பின ஜெர்சி. தரை கழுவியிருந்தது. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தாராளமாக இருந்தன. சுந்தரம்மாள் "ராஜவாழ்க்கைல்ல வாழுதுக" என்றாள். பொன்னுத்தாய் மாடுகளின் காதைப் பார்த்தாள். சுந்தரபாண்டியன் உள்ளே வந்ததும் பதினோரு ஜோடிக் காதும் பின்னால் போயின. ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை.

"கன்னுக எங்க?"

"குடுத்துட்டேன் மேடம். கன்னை அவுத்துவிட்டு, ஊட்டவிட்டு, மடி சுரக்குற வரைக்கும் நின்னா, பால் வண்டி போயிரும்."

"பொறவு எப்படிச் சுரக்கும்?"

அவன் சிரித்தான். சுவரின் மாடக்குழியிலிருந்து ஒரு சின்னப் புட்டியையும் ஊசியையும் எடுத்தான். பொன்னுத்தாய்க்கு அது என்ன என்று பார்க்க வேண்டியதில்லை. கடைசி மாட்டின் பிட்டத்தைத் தடவினாள். உள்ளங்கைக்குள் ஊசிக் கட்டிகள் அவரைக்கொட்டை அவரைக்கொட்டையாகத் தட்டுப்பட்டன.

"பால் ஊசி. இது தடை பண்ணுன ஊசி, தெரியுமாலே?" மாப்பிள்ளை என்பதை மறந்துவிட்டாள்.

"எல்லாரும் போடுறதுதான்."

"எல்லாரும் போட்டா நீயும் போடுவியா? ரெண்டு நிமிசம் மடியைத் தடவிக் குடுத்தா மாடு தானா விடும்லே. அதுக்கு மனசு வரணும்."

"அதுக்கு மனசு வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டிருந்தா நான் பொழைக்க முடியுமா மேடம்?" என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்தினான். மாடு முதுகைச் சிலிர்த்தது. கால் நிமிசத்தில் பால் சொட்ட ஆரம்பித்தது. வாளியை வைத்துக்கொண்டே, மாட்டுக்கு மேலாகப் பொன்னுத்தாயைப் பார்த்துக் கேட்டான்: "பொண்ணு காலைல மூணு மணிக்கு எந்திரிக்குமா? முதுகு வலி அது இதுன்னு உண்டா?"

பொண்ணு இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தது.

சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டு கேட்கிற குரல் அது. பொன்னுத்தாய் அந்தக் குரலை எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பாள். செருப்பை மாட்டினாள். பலகாரத்தைத் தொடவில்லை. சுந்தரம்மாள் மட்டும் இரண்டு முறுக்கை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி வந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் சுந்தரம்மாள் முன்னால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் பொன்னுத்தாய் வெற்றி பெற்ற தளபதி போல ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள்.

"பாத்தியா உன் பண்ணைக்காரனை? புத்தகத்தை நம்பி வந்த. மாடு சொல்லிருச்சு, ஆளு எப்படின்னு."

"நான் வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். ஊசிக்காக இல்ல."

"பொறவு?"

"அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"அதான் நானும் சொல்லுதேன்..."

"நீங்களும் கேக்கல அத்தே." சத்யப்பிரியா குரலை உயர்த்தவில்லை. "வாசல்ல நுழைஞ்சதுலருந்து கெளம்புற வரைக்கும் நீங்களும் அவருந்தான் பேசுனீங்க. நான் அந்தப் புத்தகத்துல என்ன பாக்கேன்னு எப்பவாது கேட்டீங்களா? குதிரையாம், மழையாம். நான் மாட்டையும் பாக்கல, மலையையும் பாக்கல. அந்த ஆறாவது புத்தகம் தெரியும்ல?"

"தாழ்ப்பாளு" என்றாள் பொன்னுத்தாய், கேட்காமலே.

"அவன் வாசல்ல நின்னு, உள்ள வரலாமான்னு கேக்கான். அவ வேண்டாங்கா. அவன் போயிருதான். கோவமில்ல, ஒண்ணுமில்ல, போயிருதான். அந்த ஒரு பக்கத்தைத்தான் நாப்பது தடவை படிச்சிருக்கேன். நீங்க அதுலயும் சிவப்பு மையில கிறுக்கி வச்சிருக்கீங்க."

"அப்படி ஒருத்தன் எந்த ஊர்லயும் கெடையாது. அது பொய்."

"பொய்னு தெரியும். தெரிஞ்சுதான் படிக்கேன். நம்ம வீட்டுல எங் கதவுக்கு உள்தாழ்ப்பாள் எங்க அத்தே?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

சத்யப்பிரியாவுக்குப் பதினைந்து வயதாகும்போது, அப்பாவின் முதல் வருச நினைவு நாளில் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் ஒரு பகல் முழுக்க வெளியே வரவில்லை. வெளியே நின்று கத்திக் கத்திப் பொன்னுத்தாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது. திறந்ததும் முதல் வேலையாகத் திருப்புளி எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். திருகாணி இருந்த நாலு ஓட்டையும் மெழுகு வைத்து அடைத்தபடி இன்றைக்கும் இருக்கிறது.

"நீ உள்ள என்ன செஞ்சுக்குவியோன்னு பயந்துட்டேன்ட்டி."

"எனக்கு அப்ப பதினஞ்சு. இப்ப முப்பத்தாறு."

"எல்லாம் அந்தப் புத்தகம் சொல்லிக்குடுத்தது" என்றாள் பொன்னுத்தாய். சொன்னபோதே அந்தக் குரலைச் சற்று முன் அந்தத் தொழுவத்தில் கேட்டது போலிருந்தது. ராஜபாளையம் வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. இப்படியொன்று அதற்கு முன் நடந்ததில்லை என்பதால், நடத்துநர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேறு யாருடைய ஓலையோ வாசித்தார்கள். அதற்கும் யாரும் தடை சொல்லவில்லை.

திங்கள்கிழமை பொன்னுத்தாய் சாகுல் ஹமீதின் இரும்புக் கடைக்குப் போனாள்.

"உள்தாழ்ப்பாள் ஒண்ணு குடு."

"எத்தனை இஞ்ச் அக்கா? யாருக்கு?"

"மாட்டுக்கு."

"மாடு உள்ள இருந்து பூட்டுமாக்கா?"

"நான் வளத்த மாடு பூட்டும். பெருசாவே குடு."

ஆசாரியைக் கூப்பிடவில்லை. தானே மெழுகைச் சுரண்டி, திருப்புளியால் முறுக்கினாள். பசுவின் வயிற்றுக்குள் கன்றைத் திருப்பிய கைக்கு நாலு திருகாணி அடங்கவில்லை. தாழ்ப்பாள் ஒருபக்கம் சாய்ந்தே உட்கார்ந்தது. பார்த்துப் பார்த்து அந்தப் பண்ணைக்காரனை ஒரு பாட்டம் திட்டினாள். ரயில் ஏறி வந்தவளுக்கு ஒரே நாளில் நேராக அடித்துவிட்டானாம்! பொய்யிலும் பொய்.

மில்லிலிருந்து வந்த சத்யப்பிரியா கதவைப் பார்த்தாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் கறமுற என்று விழுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது.

பொன்னுத்தாய் காப்பி போட்டாள். குடித்தாள். தம்ளரைக் கழுவினாள். ஏழு தரம் கூடத்தை அளந்தாள். பிறகு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கை பழக்கத்தில் தள்ளப் போனது. கதவு அசையவில்லை. முழங்கையை மடக்கி, விரல் மூட்டால் இரண்டு தட்டுத் தட்டினாள். தன் வீட்டில் தான் தட்டுகிற சத்தம் யாரோ வெளியாள் வந்தது போலிருந்தது.

"யாரு?"

"யாரா? நான்தான்."

"என்ன வேணும் அத்தே?"

இருபத்திரண்டு வருசத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"அந்தப் பன்னெண்டாவது புத்தகம் உங்கிட்ட இருக்கு. நான் இன்னும் தப்புப் பாக்கல. எடுத்துக்கட்டுமா?"

உள்ளே ஒரு பக்கம் புரளுகிற சத்தம்.

"நான் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். நாளைக்கு வாங்க."

பொன்னுத்தாய் கதவையே முறைத்துக்கொண்டு நின்றாள். சத்திரப்பட்டி எருமை எழுந்திருக்கிற அளவுக்கு ஒரு சத்தம் தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள். கையிலிருந்த சிவப்புப் பேனாவின் மூடியை அழுத்தி மூடி, காதில் செருகிக்கொண்டு, வாசலை விட்டுப் போனாள்.